சிறையிலிருந்து தேர்வறைக்கு

1906ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஆற்றங்கரை நகரத்தில், அறுபதைத் தாண்டிய தாடிக்காரர் ஒருவர் 17 நாள் சிறையில் இருந்தார். பெயர் டேனியல் டேவிட் பால்மர். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. அபராதம் கட்டினால் வெளியே வந்துவிடலாம். மனுஷன் கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக உள்ளே போனார். 17 நாள் கழித்து, போதும் என்று தோன்றியிருக்க வேண்டும், பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். கொஞ்ச நாளில் தான் தொடங்கிய பள்ளியை மகனுக்கே விற்றுவிட்டு ஊரைவிட்டும் போனார்.

கைரோபிராக்டிக் என்ற தொழிலை உருவாக்கியவர் இவர். முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருகி, நகர்த்திச் செய்யும் அந்தச் சிகிச்சையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடி மாடிகளில் அதற்கென்று நிலையங்கள் இருக்கின்றன. கழுத்தைத் திருப்பி ‘மடக்’ என்று சத்தம் வரவைக்கும் காணொளிகள் தூக்கம் வராத இரவுகளில் நம் கைப்பேசியில் ஓடுகின்றன. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு விசித்திரமான கல்வி வரலாறு இருக்கிறது. உரிமம் இல்லை என்று சிறைக்குப் போனவர்களின் தொழில், இன்று ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உரிமத் தேர்வில் தேறினார்கள், எத்தனை விழுக்காட்டினர் படிப்பை முடித்தார்கள் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டிய தொழிலாக மாறியிருக்கிறது. அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் நீதிமன்றம், சட்டமன்றம், தந்தை மகன் சண்டை, கல்விக் கடன் என்று வழி நீள்கிறது.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்மர் கனடாவில் பிறந்தவர். காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதாவது கையை நோயாளியின் மேல் வைத்து சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் வைத்தியம். 1895 செப்டம்பரில், தன் நிலையம் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்த ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவரின் முதுகில் புடைத்துத் தெரிந்த எலும்பொன்றைத் தள்ளிச் சரிசெய்ததாகவும், காது கேளாமல் இருந்தவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் எழுதினார். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு மாதிரி இருக்கிறது. செவி நரம்பு முதுகுத்தண்டு வழியாகப் போவதில்லை என்பதை உடற்கூற்றியல் படித்த யாரும் சொல்வார்கள். ஆனால் பால்மர் அதிலிருந்து ஒரு முழுக் கோட்பாட்டையே கட்டிவிட்டார்: எலும்பு இடம் பிசகுகிறது, நரம்பு நெருக்கப்படுகிறது, உடலுக்குள் இருக்கும் பிறவி அறிவின் ஓட்டம் தடைபடுகிறது, நோய் வருகிறது. இடம் பிசகுவதற்கு அவர் வைத்த பெயர் சப்லக்சேஷன். தொழிலுக்குக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் கொடுத்தவர் சாமுவேல் வீட் என்ற பாதிரியார். நோயாளியாக வந்தவர்தான்.

1897இல் பள்ளி தொடங்கியது. படிப்பு நீளமானது இல்லை. முதல் தலைமுறை மாணவர்கள் மாதக்கணக்கில்தான் படித்தார்கள், வருடக்கணக்கில் இல்லை. மகன் பார்ட்லெட் ஜோஷுவா பால்மர், எல்லோருக்கும் பி.ஜே., பொறுப்பேற்ற பிறகு பள்ளி பெருத்தது. பி.ஜே. வியாபாரத்தில் மகா கெட்டிக்காரர். 1920களில் சொந்தமாக வானொலி நிலையம்கூட வாங்கினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன் 1932இல் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. முதல் நோயாளி கறுப்பினத்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட அந்தப் பள்ளி, பல பத்தாண்டுகள் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் உள்ளே வந்தவர்களைத்தான் எண்ணுகிறோம்.

இனி 1907க்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை கைரோபிராக்டிக் கல்வியின் தலையெழுத்தை எழுதியது பால்மரும் இல்லை, பி.ஜே.யும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் நகரில் நடந்த ஒரு வழக்குதான்.

ஷெகட்டாரோ மோரிகுபோ என்ற ஜப்பானியர், பால்மர் பள்ளியில் படித்தவர், அங்கே தொழில் செய்யப் போனார். உரிமம் இல்லாமல் ஆஸ்டியோபதி செய்தார் என்று வழக்குப் போட்டார்கள். ஆஸ்டியோபதியும் எலும்பைக் கையால் சரிசெய்யும் முறைதான், அதற்கு அந்த மாநிலத்தில் ஏற்கெனவே உரிமம் இருந்தது. மோரிகுபோவுக்கு வாதாடியவர் டாம் மோரிஸ். அவர் எடுத்த வாதம் இது: கைரோபிராக்டர் வைத்தியமே பார்ப்பதில்லை. அவர் நோயைக் கண்டறிவதில்லை, முதுகெலும்பை ஆராய்கிறார். நோய்க்குச் சிகிச்சை தருவதில்லை, எலும்பைச் சரிசெய்கிறார். இது மருத்துவமும் இல்லை, ஆஸ்டியோபதியும் இல்லை. தனித் தத்துவம், தனி அறிவியல், தனிக் கலை. எனவே மருத்துவ உரிமம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஜூரி ஒப்புக்கொண்டது. மோரிகுபோ விடுதலை.

சட்ட வாதமாகப் பார்த்தால் பிரமாதம்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வழக்குகளில் இதே வாதம் சொல்லப்பட்டது. பி.ஜே. ஒரு தற்காப்புச் சங்கத்தையே நடத்தினார். சந்தா கட்டியவர்களுக்கு வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் நீதிமன்றத்தில் சொன்னதை வகுப்பறையிலும் சொல்ல வேண்டியிருந்ததே, அங்கேதான் சிக்கல். ‘நாங்கள் நோயைக் கண்டறிவதில்லை’ என்று சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்தவன், பள்ளிக்குத் திரும்பி நோயறிதலை எப்படிப் பாடமாக வைப்பான்? ஒரு தப்பிக்கும் வாதம் மெல்ல மெல்லப் பாடத்திட்டமாக இறுகியது. அதை அப்படியே ஏற்றவர்களுக்கு ‘நேர் வழிக்காரர்கள்’ என்று பெயர். மற்ற மருத்துவ முறைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றவர்களைக் ‘கலப்புக்காரர்கள்’ என்று பி.ஜே. கேலி செய்தார். கலப்புக்காரர்களில் முக்கியமானவர் ஜான் ஹோவர்ட். 1906இல் டேவன்போர்ட்டிலேயே நேஷனல் பள்ளி என்று தனியாகத் தொடங்கி, பிறகு சிகாகோவுக்கு மாற்றினார். உடற்கூற்றியலைச் சடலம் அறுத்துக் கற்க வேண்டும் என்று நினைத்தவர்களின் பக்கம் அது.

1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை வந்தது. கார்னெகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதியது. ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆய்வுக்கூடம் எங்கே, நூலகம் எங்கே, மாணவன் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறானா என்று கேட்டுக்கொண்டே போனார். பல இடங்களில் பதில் இல்லை. அடுத்த 25 ஆண்டுகளில் மருத்துவப் பள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. அதில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டன. கைரோபிராக்டிக் பள்ளிகளை ஃபிளெக்ஸ்னர் ஆராயக்கூட இல்லை. அவர்கள் மருத்துவத்தில் ஒரு பிரிவினரே அல்ல, அவர்களைக் கவனிக்க வேண்டியது அரசு வழக்கறிஞர் என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டார். மருத்துவக் கல்வியைச் சுத்தம் செய்த அந்தப் பெருக்குமாறு இந்த வீட்டுக்குள் வரவேயில்லை. அறைகளைத் தாங்களே பெருக்கிக்கொள்ள அவர்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இதற்கிடையில் அரசியல் வேறு பக்கம் ஓடியது. கான்சஸ் மாநிலம் 1913இல் கைரோபிராக்டருக்கென்று முதல் உரிமச் சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் அபராதம் கட்ட மறுத்து வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். நோயாளிகள் சிறை வாசலில் நின்றார்கள். காந்தி என்ற பெயர் அமெரிக்கச் செய்தித்தாள்களில் இன்னும் பரவலாகாத காலம், ஆனால் உத்தி ஏறக்குறைய அதேதான். 1922இல் கலிபோர்னிய வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் தனி உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சிறைக்குப் போனது வீண்போகவில்லை.

மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? உரிமம் தருவதைத் தடுக்க முடியவில்லை என்றால் உரிமத்துக்கு முன்னால் ஒரு தேர்வை வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். 1925இல் விஸ்கான்சினிலும் கனெக்டிகட்டிலும் அடிப்படை அறிவியல் சட்டங்கள் வந்தன. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவின. அலோபதியோ, ஆஸ்டியோபதியோ, கைரோபிராக்டிக்கோ, எந்தப் பள்ளியில் படித்தவராக இருந்தாலும் உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல், நோய்க்கூறியல் போன்ற பாடங்களில் ஒரே பொதுத் தேர்வை எழுத வேண்டும். தேறினால்தான் தன் துறையின் உரிமத் தேர்வுக்கே போகலாம். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். பார்த்தால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்.

நியாயமாக இருப்பதுதான் அதன் தந்திரம். மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் தேறினார்கள். கைரோபிராக்டர்களில் மிகச் சிறுபான்மையினரே தேறினார்கள், பலர் எழுதவே போகவில்லை. சில மாநிலங்களில் ஆண்டுக்கணக்காகப் புதிய கைரோபிராக்டர் ஒருவருக்குக்கூட உரிமம் கிடைக்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு என்ற சொல் இந்தக் கதைக்குள் நுழைந்தது இப்படித்தான். மாணவன் எப்படிப் படிக்கிறான் என்று பார்ப்பதற்காக அது வரவில்லை. எதிராளியை வாசலிலேயே நிறுத்துவதற்கான தடியாக வந்தது.

ஆனாலும் வெறும் சதி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மக்களின் உடம்பில் கைவைக்கப் போகிறவனுக்கு ரத்த ஓட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? கேட்டவர்களின் நோக்கம் சுத்தமானதா என்பது ஒரு கேள்வி, கேட்டது சரியா என்பது வேறு கேள்வி. அந்தத் தேர்வின் அழுத்தத்தால்தான் பல கைரோபிராக்டிக் பள்ளிகள் வேதியியல் ஆய்வுக்கூடம் வைத்தன, படிப்பை நீட்டின. எதிரி வைத்த தேர்வே ஒரு மட்டத்துக்கு வாத்தியாராகவும் ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு மாநிலம் விட்டு மாநிலம் போக நினைத்த மருத்துவர்களுக்கே அந்தத் தேர்வு இடைஞ்சலாகிவிட்டது. தேர்வை வைக்கச் சொன்னவர்களே அதை எடுக்கச் சொன்னார்கள். 1970களின் முடிவுக்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன.

உள்ளிருந்து பெருக்க வந்தவர் ஜான் நியூஜென்ட். பால்மர் பள்ளியிலேயே படித்தவர். 1940களில் தேசிய கைரோபிராக்டிக் சங்கத்தின் கல்விப் பொறுப்பாளராகப் பள்ளி பள்ளியாகப் பயணம் செய்தார். தனி மனிதர்கள் கடை மாதிரி நடத்திய லாபநோக்குப் பள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்க வைத்தார், படிப்பை நான்கு ஆண்டுகளாக்கச் சொன்னார். பி.ஜே. தன் பதினெட்டு மாதப் படிப்பை விடுவதாக இல்லை. அவர் வட்டத்தில் நியூஜென்டுக்குக் கிடைத்த பட்டம் ‘அந்திக்கிறிஸ்து’. வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் கொடுத்த பட்டம் ‘கைரோபிராக்டிக்கின் ஃபிளெக்ஸ்னர்’. ஒரே ஆள், ஒரே வேலை.

1961இல் பி.ஜே. இறந்தார். அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1963இல் கைரோபிராக்டர்கள் தங்களுக்கென்று தேசியத் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தார்கள். அதே 1963இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி மருத்துவத்துக்கு எதிரான குழு ஒன்றை அமைத்தது. அதன் முதல் குறி கைரோபிராக்டிக். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். 1968இல் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அறிக்கை ஒன்று, முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் கைரோபிராக்டிக்கைச் சேர்க்க வேண்டாம் என்றது. படிப்பின் தரம் போதாது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. நாடாளுமன்றம் அதைக் கேட்கவில்லை, 1972இல் சேர்த்துவிட்டது. 1974இல் கைரோபிராக்டிக் கல்வி மன்றத்தை, கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பாக மத்திய அரசு ஏற்றது. அதே ஆண்டு லூசியானா உரிமச் சட்டம் இயற்றியது. அதுதான் கடைசி மாநிலம். பால்மர் சிறைக்குப் போய் 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவச் சங்கத்தின் மேல் செஸ்டர் வில்க்கும் வேறு சில கைரோபிராக்டர்களும் போட்ட வழக்கில், 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர் சங்கம் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியது என்று தீர்ப்புச் சொன்னார். கைரோபிராக்டிக் பலன் தருமா என்பதைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது. வியாபாரப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இந்த வித்தியாசத்தைத் தொழிலின் விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இப்போது அந்த இரண்டு எண்கள். தேசிய வாரியத்தின் தேர்வு நான்கு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதியில் பொது உடற்கூற்றியல், முதுகெலும்பு உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல், நோய்க்கூறியல், நுண்ணுயிரியல் என்று ஆறு பாடம். பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1925இல் மருத்துவர்கள் இவர்களைத் தடுக்க வைத்த பாடங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, இந்த முறை இவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டவை. இரண்டாம் பகுதி நோயறிதல் முதலான மருத்துவப் பாடங்கள். மூன்றாம் பகுதி 1987இலும், செய்முறைத் தேர்வான நான்காம் பகுதி 1996இலும் சேர்ந்தன. நான்காம் பகுதியில் மாணவர் நோயாளியாக நடிப்பவரைப் பரிசோதிக்க வேண்டும், எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்ல வேண்டும், எலும்பைச் சரிசெய்யும் முறையைச் செய்துகாட்ட வேண்டும்.

கல்வி மன்றம் கல்லூரிகளுக்கு விதித்த அளவுகோல், பட்டம் பெற்று ஆறு மாதத்துக்குள் நான்கு பகுதிகளையும் எழுதிய பட்டதாரிகளில் 80 விழுக்காட்டினராவது நான்கிலும் தேறியிருக்க வேண்டும் என்பது. நான்கு ஆண்டுகளின் சராசரியாகப் பார்க்கிறார்கள். இன்னொன்று படிப்பை முடித்தவர் விழுக்காடு. சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டினராவது, படிப்புக்குரிய காலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குள் முடித்திருக்க வேண்டும். இரண்டையும் கல்லூரி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

ஏன் இரண்டு எண்? மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் 7ஏ எடுத்தவர்களின் படம் நாளிதழில் வரிசையாக வரும். பின்வரிசைப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒரே ஓர் எண்ணை வைத்துப் பள்ளியை மதிப்பிட்டால், பள்ளி அந்த எண்ணுக்காகவே வாழத் தொடங்கும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்தால், தேறமாட்டான் என்று தோன்றும் மாணவனைக் கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே கழற்றிவிடலாம். தேர்வு எழுத விட்டால்தானே தோற்பான். முடித்தவர் விழுக்காட்டை மட்டும் பார்த்தால், எல்லாருக்கும் மதிப்பெண்ணை அள்ளிக்கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றதை இழுத்துப் பிடிக்கும். உண்மையில் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது எந்தக் கல்லூரியின் கணக்கும் இல்லை, நானாகப் போடுவது. நூறு பேர் சேர்கிறார்கள். எழுபது பேர் முடிக்கிறார்கள். அதில் அறுபது பேர் ஆறு மாதத்துக்குள் நான்கு பகுதிகளையும் எழுதுகிறார்கள், நாற்பத்தெட்டு பேர் தேறுகிறார்கள். முடித்தவர் விழுக்காடு 70, தேர்ச்சி விழுக்காடு 80. கல்லூரி இரண்டு கோட்டையும் தொட்டுவிட்டது, அங்கீகாரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்ளே வந்த நூறு பேரில் அந்தக் காலத்துக்குள் உரிமத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாற்பத்தெட்டு பேர். 80 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுச் சேரும் பிள்ளை, அந்த 80க்குக் கீழே வகுபடும் எண் என்ன என்று கேட்பதில்லை. கேட்கச் சொல்லி அறிவிப்பும் சொல்வதில்லை. மீதி ஐம்பத்திரண்டு பேரில் சிலர் மறுபடி எழுதித் தேறுவார்கள். சிலர் வேறு வேலைக்குப் போவார்கள். கடன் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நிற்கும்.

கடன் என்றதும் ஒரு பழைய பட்டியல் நினைவுக்கு வருகிறது. சுகாதாரத் துறை மாணவர்களுக்காக அமெரிக்க அரசு உத்தரவாதம் தந்த ஹீல் என்ற கடன் திட்டம் இருந்தது. 1998இல் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். திருப்பிக் கட்டாதவர்களின் பெயர்களை அரசு வெளியிட்டபோது, மருத்துவர், பல் மருத்துவர், மருந்தியலாளர் எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் பாதிக்கும் மேல் கைரோபிராக்டர்கள். அவர்களில் எத்தனையோ பேர் படிப்பை முடித்தவர்கள், தேர்வில் தேறியவர்கள். இரண்டு எண்ணிலும் வெற்றிக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கக்கூடியவர்கள்தான். நோயாளி வரவில்லை, வருமானம் இல்லை. உரிமம் பெற்றவன் பிழைத்துக்கொண்டானா என்பதற்கு மூன்றாவது எண் ஒன்றை யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையிலேயே பல் இருக்கிறதா என்ற சந்தேகம் 2002இல் தீர்ந்தது. ஜார்ஜியா மாநிலம் மரியெட்டாவில் லைஃப் பல்கலைக்கழகம். 1974இல் சிட் வில்லியம்ஸ் தொடங்கியது. நேர் வழிக் கோஷ்டி. ஒரு கட்டத்தில் உலகத்திலேயே பெரிய கைரோபிராக்டிக் கல்லூரி அதுதான், மூவாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் கல்வி மன்றம் அதன் அங்கீகாரத்தைப் பறித்தது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நோயை இனங்காண மாணவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்பது. மோரிகுபோ வழக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ‘நாங்கள் நோயைக் கண்டறிவதில்லை’ என்று சொல்லி 1907இல் வென்றார்கள். 95 ஆண்டுகள் கழித்து, நோயைக் கண்டறியக் கற்றுத்தரவில்லை என்று தோற்றார்கள். இந்த முறை தோற்கடித்தது மருத்துவர்கள் இல்லை. தங்கள் ஆட்களே.

அங்கீகாரம் போனால் பட்டம் இருந்தும் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கேட்க முடியாது. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வேறு கல்லூரிகளுக்கு ஓடினார்கள். 2003 பிப்ரவரியில் நீதிபதி ஒருவர், அங்கீகாரத்தைப் பறித்த நடைமுறை நியாயமாக இல்லை என்று கருதி அதைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். கல்லூரி பிழைத்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த எட்டு மாதத்தில், பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் முடித்தவர் விழுக்காட்டில் யாருடைய தப்பு எழுதப்பட்டது?

இன்னொரு கேள்வி இவை எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது. தேர்வில் தேறியவர் பாடத்தைக் கற்றிருக்கிறார் என்று நம்பலாம். பாடம் உண்மையா என்று தேர்வு சொல்லாது. கீழ்முதுகு வலிக்கு இந்தக் கைமுறைச் சிகிச்சை மிதமான பலன் தருகிறது, வேறு சிகிச்சைகள் தரும் அளவுக்கு, என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சப்லக்சேஷன்தான் எல்லா நோய்க்கும் வேர் என்ற பழைய கோட்பாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கழுத்தைத் திருகும்போது அரிதாகத் தமனி கிழிந்து பக்கவாதம் வருவதாகப் பதிவுகள் உண்டு, எது காரணம் எது விளைவு என்று இன்னும் விவாதிக்கிறார்கள். 2005இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் பள்ளி தொடங்கும் திட்டம், பேராசிரியர்களின் எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. அவர்கள் மாணவர் தேறுவார்களா என்று கவலைப்படவில்லை. எதில் தேறுவார்கள் என்று கேட்டார்கள். நேர் வழிக்காரர் பள்ளியும் முதுகுவலி ஆய்வை மட்டும் நம்பும் பள்ளியும் ஒரே தேர்வுக்குத்தான் மாணவர்களை அனுப்புகின்றன. இரண்டு பக்கமும் ஒரே 80ஐ எட்டலாம்.

நம் ஊர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கைரோபிராக்டர்களுக்கென்று சட்டரீதியான பதிவேடு இல்லை. சுவரில் மாட்டிய பட்டம் எந்தக் கல்லூரியுடையது என்று பார்ப்பது நோயாளியின் வேலை. மலேசியாவில் கோலாலம்பூர் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் 2010இல் கைரோபிராக்டிக் இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தபின் ஏழு துறைகள் ஒரே கூரையின் கீழ் வந்திருக்கின்றன: மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை. இந்திய மருத்துவம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஆயுர்வேதம், யுனானி, யோகாவோடு நம் சித்த மருத்துவமும் இருக்கிறது.

சட்டம் பதிவுக்கு வருகிறவரிடம் தகுதிச் சான்றிதழ் கேட்கிறது. கைரோபிராக்டர் நீட்டுவதற்குக் காகிதம் வைத்திருக்கிறார். அவருடைய தொழில் அந்தக் காகிதத்துக்காக நூறு வருடம் சண்டை போட்டிருக்கிறது. தாத்தாவிடம் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொண்டு, தோட்டத்து வீட்டில் மூலிகை அரைத்துக்கொண்டிருந்த நம் வைத்தியரிடம் அது கிடையாது. அவருடைய பேரன் சித்த மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து கல்லூரிகளின் விவரக் கையேடு மேசையில் கிடக்கும். கட்டணம் இருக்கும், விடுதி இருக்கும், தோட்டத்தில் வளரும் மூலிகைகளின் வண்ணப்படம் இருக்கும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற வரியை அவன் எந்தப் பக்கத்தில் தேடுவான்?